குப்புறப் படுக்காதே ராசா

டிச. 2, செவ்வாய்

குளிர். குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. புனேவுக்கு மப்ளர் இல்லாமல் வந்தது தப்பு. எடுத்துவரச் சொல்லி சுதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற மகளுக்கு அம்மாவின் காது ஞாபகம் வராது.

பேரனுக்கு மூன்றரை மாத ஊசி. நான், சுதா, மாப்பிள்ளை மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா மராத்திக்காரர், சின்ன வயது. தொடையில் குத்தியதும் வீல் என்று ஒரே கத்து. சமாதானம் ஆனபின் கேட்டார், பிள்ளை எங்கே தூங்குகிறான் என்று. மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. ராத்திரி எங்களுக்கு நடுவில், பகலில் அத்தை கட்டிய தூளியில், தலைக்கு அத்தை தைத்த கடுகுத் தலையணை. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

டாக்டரம்மா நிறையப் பேசினார், இந்தியும் இங்கிலீசுமாக. சுதா எனக்குச் சொன்னது கால்வாசி. அவர் மூச்சு விடாமல் பேசுவார், இவள் என் பக்கம் திரும்பி "கூடாதாம்மா" என்பாள். எது கூடாது? வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டு வாங்கியது:

எப்போதும் மல்லாக்க. பகல் தூக்கமும்.
குப்புற கூடாது, ஒருக்களித்தும் கூடாது.
தனித் தொட்டில் கட்டில், நம் அறையிலேயே. நம் படுக்கையில் கூடாது. சோபாவில் கூடவே கூடாது.
மெத்தை தட்டையாக, கெட்டியாக.
தலையணை, போர்வை, பொம்மை ஒன்றும் உள்ளே கூடாது. கடுகுத் தலையணையும் தலையணைதானாம்.
தூளியில் தூங்கவிடக் கூடாது. உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைக்குமாம்.
தூங்கும்போது குல்லா வேண்டாம், சூடு ஏறுமாம். (இந்தக் குளிரில்!)
சாம்பிராணிப் புகை, அதுவும் கூடாது.

மல்லாக்கப் படுத்தால் கக்கும்போது புரையேறாதா என்று நான் கேட்டேன். அதற்குப் படம் வரைந்து காட்டினார். மல்லாந்தால்தான் மூச்சுக்குழாய் மேலே இருக்குமாம். படம் எனக்கு முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

ஆனால் குப்புற என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். ஏன் என்று கேட்கச் சொன்னேன். குப்புறப் படுத்துத் தூங்கும் பிள்ளைகள் சில, தூக்கத்திலேயே மூச்சு நின்று போய்விடுகிறார்களாம். பஞ்சுத் தலையணை, மெத்து மெத்தென்ற படுக்கை என்றால் இன்னும் மோசம்.

"எங்க பெரியவனைப் பத்திக் கேளுடி" என்றேன்.

"அம்மா, இப்ப எதுக்கும்மா அது" என்று எழுந்துவிட்டாள்.

மறக்க மாட்டேன்.

திங்கள்கிழமையிலிருந்து அவள் ஆபீசுக்குப் போகிறாள். மாப்பிள்ளைக்கு போசரியில் பாக்டரி, பகல் ஷிப்ட். வீட்டில் நான், அவன், பாத்திரம் தேய்க்க வரும் சுனந்தா மௌசி. அவ்வளவுதான்.


டிச. 3, புதன். கார்த்திகை

பால்கனியில் அகல் வைத்தேன். காற்று. ஏற்ற ஏற்ற அணைந்தது. எதிர் பில்டிங்கில் நம் ஊர்க்காரர் யாரோ, இரண்டாவது மாடி, அங்கே மட்டும் அழகாக நின்று எரிந்தது. எப்படி என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை தூளியைக் கழற்றினார். கொக்கி மட்டும் உத்தரத்தில் தொங்குகிறது. பேரன் தட்டை மெத்தையில் கிடந்து உலகமே அநியாயம் என்று கத்தினான்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து சம்பந்தியம்மா போன். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னமோ டாக்டரு தூளி கூடாதுங்குறாராமே. நாங்கள்லாம் தூளியில கெடந்துதான் வளந்தோம். ம். பாத்துக்குங்க சம்பந்திம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

உங்களுக்குத் தெரியாததா. வளைகாப்பு அன்றும் இதே வார்த்தை, இதே இழுப்பு. அன்று அவர் கட்டியிருந்தது அரக்குச் சேலை, மாம்பழ பார்டர்.

எனக்குத் தெரிந்தது என்ன. என் பெரியவன் போனது. சுதாவுக்கு முன்னால், நாலு மாதம்கூட நிறையாமல். மத்தியானம். நான் கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மாமியார் அவனைத் தன்னுடைய இலவம்பஞ்சுத் தலையணையில் குப்புறப் போட்டாள். "குப்புறப் போட்டாத்தான் வாயு பிரியும், அசந்து தூங்கும்." அசந்துதான் தூங்கினான். தெரு கூடியதும் அதே வாயால் சொன்னாள், "தாயி பக்கத்துல போட்டுக்கிட்டு தூக்கத்துல அமுக்கிட்டா." என் கை முழுக்க சோப்பு நுரை. அந்த ஈரக்கையைப் பார்த்தும் தெருவில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சுதா அப்பாவும் திறக்கவில்லை. செத்துப்போய் இத்தனை வருடம், அவருக்குத் திவசம் கொடுக்கிறேன், அந்த மௌனத்தை மன்னிக்கவில்லை. கிழவிக்கு நான் அழவே இல்லை.

அப்போது காரணம் தெரியாது. நேற்றுதான் ஒரு டாக்டர் வாயால் கேட்கிறேன், குப்புற, பஞ்சுத் தலையணை என்று.

பொரி உருண்டை பாகு முற்றிவிட்டது. கல்.


டிச. 5, வெள்ளி

கை கால் உதறி விழிக்காமல் இருக்கத் துணியில் சுற்றிப் படுக்க வைப்போம். இனி அதுவும் கூடாதாம், சுதா சொன்னாள். காரணம், இன்று காலை விளையாட்டு விரிப்பில் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டான். இடுப்பு வந்துவிட்டது, தோள் மட்டும் பாக்கி.

சுதா கைதட்டினாள். "அம்மா! கவுந்துருவான் போலருக்கு! கொழுக்கட்டைக்கு மாவு இருக்கா?"

எங்கள் பக்கம் பிள்ளை முதலில் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து தெருவுக்குக் கொடுப்போம். சுதாவுக்குச் செய்தேன். பெரியவன் அதுவரை வரவில்லை.

"இருக்கு, இருக்கு" என்றேன். உள்ளே போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, இப்போது வேண்டாம், கொஞ்சம் போகட்டும் என்றேன். பேரன் கவிழக் கூடாது என்று கும்பிட்ட பாட்டி ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மத்தியானம் தூங்கினான். மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. கொஞ்சம் கழித்து மறுபடி வைத்தேன். விழித்துவிட்டான்.

சுதா ஆபீஸ் போனில் இருந்தவள் ஓடிவந்தாள். "தூங்குற புள்ளய எழுப்பி எழுப்பி உசுரோட இருக்கியான்னு கேக்குறியேம்மா! அவன் என்ன பதில் சொல்லுவான்?"

வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் போதுமாம். பார்த்தேன். எனக்கு அது ஏறுகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

மாவு தீர்ந்துவிட்டது. அரிசி ஊறப்போட வேண்டும். நல்லெண்ணெய். என் பிரஷர் மாத்திரை.


டிச. 7, ஞாயிறு

கட்டிலுக்கு மேலே மாப்பிள்ளை ஒரு கேமரா மாட்டினார். உருண்டையாக, முட்டை மாதிரி. ஆபீசிலிருந்து சுதா போனில் பார்ப்பாளாம்.

"யாரப் பாக்க? அவனையா, என்னயா?"

"ரெண்டு பேரையும்தான் அத்தை" என்று சிரித்தார். சிரித்துச் சொன்னாலும் சொன்னதுதானே. இருந்தாலும் ஒரு கண்ணுக்கு இரண்டு கண் நல்லது. சொல்லிக்கொள்ளவில்லை.

மௌசியிடம் மறுபடி சொன்னேன். எனக்குத் திருத்தமாக வரும் ஒரே இந்தி. "பச்சே கோ ஹாத் மத் லகானா." பிள்ளையைத் தொடாதே. போன மாதம் ஏரவாடாவிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்தவள், கைகூடக் கழுவாமல் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்குத்தான் சுதாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தேன்.

"ஹோ ஆஜி, ஹோ ஆஜி" என்று சோப்புக் கையைத் தூக்கிக் காட்டினாள். ஆஜி என்றால் பாட்டி. நாளைக்குத் தனியாக.


டிச. 8, திங்கள்

சுதா போகும்போது அழுதாள். நான் அழவில்லை. பயத்தில் அழுகை வராது.

அவன் தூங்கின நேரமெல்லாம் கட்டில் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சுதா போன். "அம்மா, உன் தலதான் தெரியுது. கொஞ்சம் நகரேன்." நகர்ந்தேன். திரும்பவும் போன். "அம்மா, இப்ப கொண்ட தெரியுது."

சாப்பிடவில்லை. பாத்ரூம் போகக்கூடப் பயம். அவன் இரண்டு தரம் பக்கவாட்டில் திரும்பினான், இரண்டு தரம் தானே மல்லாந்தான். ஒவ்வொரு தரமும் நான் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றேன்.

சாயங்காலம் சுதா வந்து, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றாள். இன்றைக்கு ஆகவில்லை.


டிச. 9, செவ்வாய்

எழுத மனமில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் படுக்க வைத்தேன். மல்லாக்க. அவன் திரும்பாமல் இருக்கட்டும் என்று இரண்டு டர்க்கித் துண்டை இறுக்கமாகச் சுருட்டி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். உள்ளே ஒன்றும் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது தெரியும். இது தலையணை இல்லையே, அணைதானே என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கினான். தலை சுற்றியது எனக்கு, காலையிலிருந்து வெறும் காப்பி. சமையல்கட்டுக்குப் போய் நின்றபடியே ரசம் சோறு.

மௌசி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கட்டில் தெரியும்.

திடீரென்று கூப்பிட்டாள். "ஆஜி! பால்தா! பால்தா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பரவாயில்லையே, தமிழ் பேசுகிறாளே, பால் தா என்கிறாளே. அவன் முழித்துவிட்டான், பசி போல. "இந்தா வரேன்" என்று சத்தம் கொடுத்தேன். சுதா பிழிந்து வைத்த பாலை பிரிட்ஜிலிருந்து எடுத்தேன். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை இறக்கினேன். பதறாமல். சூடு மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். மேலும் கொஞ்சம் சூடாகட்டும் என்று நின்றேன். நின்றேன் நான்.

"பால்தா ஜாலா ஆஜி! ஆஜி!" குரல் மாறிவிட்டது. பிள்ளை அழும் சத்தம் மட்டும் இல்லை. பசித்த பிள்ளை அழாதா? அப்போதுதான் உறைத்தது.

ஓடினேன். மௌசி கட்டில் பக்கம் நின்று ஈரக்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, என்னைப் பார்த்து, கட்டிலைப் பார்த்து, தொடலாமா கூடாதா என்று தவிக்கிறாள். அவன் குப்புறக் கிடந்தான். முகம் துண்டுச் சுருளில் புதைந்து. கால் மட்டும் உதைக்கிறது. நான் வாசற்படி தாண்டுவதற்குள் அவளே அள்ளிவிட்டாள். முகமெல்லாம் சிவப்பு, டர்க்கித் துண்டின் தடம் கன்னத்தில். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அழுதான். அந்த அழுகையைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். பாட்டில் எங்கே விழுந்தது தெரியாது.

முதலில் மௌசியைத் திட்டினேன், தமிழில். ஏன் தூக்கவில்லை, வாயில் என்ன கொழுக்கட்டையா, பால் பால் என்று எதற்குக் கத்தினாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதபடி உள்ளங்கையை மல்லாத்திக் காட்டினாள், பிறகு அதைக் கவிழ்த்தாள். "பால்தா, ஆஜி. உல்டா. பால்தா." மராத்தியில் குப்புற என்பதற்கு அதுதானாம் வார்த்தை.

ஹாத் மத் லகானா என்று நான் சொன்னதை மட்டும் அவள் ஒழுங்காகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், நகம், உதடு பார்த்தார். நன்றாக இருக்கிறான் என்றார். இருந்தான். அவருடைய பேனாவைப் பிடுங்கினான்.

சுதாவுக்குக் காலையிலிருந்து மீட்டிங். கேமராவைப் பார்க்கவே இல்லை. அவளாகக் கேட்கப் போவதில்லை. மௌசியும் சொல்ல மாட்டாள். துண்டை மடித்து அலமாரியில் வைத்தால் முடிந்தது.

அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னேன். "நாந்தான்டி துண்டு வெச்சேன். அதுல மூஞ்சியப் புதைச்சுட்டான். மௌசி கூப்பிட்டா, பால் கேக்குறான்னு நெனச்சிட்டேன்."

நின்ற இடத்திலேயே போனை எடுத்துப் பதிவானதைப் பார்த்தாள். முழுக்கப் பார்த்தாள். சத்தத்தோடு. போனுக்குள்ளிருந்து என் குரல், "இந்தா வரேன்." பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாப்பிள்ளை வந்து, "சாப்பிடுங்க அத்தை" என்றார்.


டிச. 10, புதன்

சுதா லீவு. பேசவில்லை. "காப்பி", "தண்ணி", அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

தண்ணீர் லாரி வந்தது. மாவு அரைக்க வேண்டியது, வேண்டாம் என்று விட்டேன்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம். நானும் கிளம்பினேன், யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மேலும் கீழும் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். துண்டுக்கு மட்டும் முகம் மாறியது. கட்டில் காலியாக இருக்க வேண்டும். விரிப்பு ஒன்று, பிள்ளை ஒன்று. கவிழ்ந்தால் கவிழட்டும், வெறும் மெத்தையில் தலையைத் திருப்பிக்கொள்வான், முகம் புதைய இடமிருக்காது. தானே மல்லாந்து வரத் தெரியும்வரை நாம் திருப்பிவிட வேண்டும். விழித்திருக்கும்போது கண்ணெதிரே குப்புறப் போட்டு விளையாட விட வேண்டுமாம், கழுத்தும் தோளும் பலப்பட. இன்றைக்குச் சுதா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள், ஒன்றும் விடாமல். முகம் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

கிளம்பும்போது நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். நானே கேட்டேன். "மேரா பஹலா பச்சா. உல்டா. தகியா. சாஸ்." முதல் பிள்ளை, குப்புற, தலையணை, மாமியார். கையைக் கவிழ்த்துக் காட்டினேன். சுதா "அம்மா" என்றாள். பிறகு உட்கார்ந்து, மீதியை அவளே சொன்னாள். எனக்கே தெரியாது, அவளுக்கு அந்த சோப்பு நுரை வரைக்கும் தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதனாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, சில குழந்தைகள் ஏன் போகின்றன என்று எங்களுக்கும் தெரியாது என்றாராம். என் கையைப் பிடித்து, "ஆப்கீ கல்தி நஹீ" என்றார்.

கல்தி, தப்பு. நஹீ, இல்லை. அவ்வளவு இந்தி எனக்குத் தெரியும்.

கிழவி தப்பா என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அதையும் மறக்க மாட்டேன்.


டிச. 11, வியாழன்

விரிப்பில் அவனைக் குப்புறப் போட்டுச் சுதா முன்னால் படுத்துக் கிலுகிலுப்பை ஆட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாரும்மா. தலையத் தூக்குறான் பாரு."

பார்த்தேன். ஆமை மாதிரி தூக்கினான், ஆடியது, பொத்தென்று வைத்தான், மறுபடி தூக்கினான். எனக்குக் கழுத்து வலித்தது.

"நாளைக்கு நா ஆபீஸ் போறேன்" என்றாள், அவனைப் பார்த்தபடி.

"யாரு பாத்துக்குறது?"

"நீதான்."

"நானா? உங்க மாமியாரக் கூப்பிடு. இல்ல ஒரு ஆளப் போடு. எனக்கு பயமா இருக்குடி."

"எனக்கும்தான் பயம். நீ மறைச்சிருந்தா உன்கிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன்." எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் முகம் கொடுக்காதவள், அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை.

மௌசியைக் கூப்பிட்டேன். கையை நன்றாகக் கழுவச் சொல்லி, அவன் பொம்மையைக் குப்புறப் போட்டு, "பால்தா?" என்றேன். "ஹோ." அவள் கையைப் பிடித்து பொம்மையின் மேல் வைத்துத் திருப்பினேன். "ஹாத் லகானா. லகானா. கத்திட்டு நிக்காத, மொதல்ல தூக்கு." புரிந்தது போல. மல்லாக்க என்பதற்கு அவர்கள் வார்த்தை உதாணா. நாக்கு வரவில்லை. சொல்லிப் பழகுகிறேன்.


டிச. 12, வெள்ளி

குளிர் அதிகம். குல்லா இல்லை. உடம்புக்குக் கை வைத்த சட்டை, தொட்டுப் பார்த்தால் கழுத்து வெதுவெதுப்பாக இருக்கிறது, போதுமாம்.

சுதா போய்விட்டாள். மௌசி பெருக்குகிறாள். நான் ஸ்டூலில், கேமராவுக்கு மறைக்காமல்.

தூங்கினான், மல்லாக்க. வெறும் மெத்தை, அவன் மட்டும். பார்க்கவே பாவமாக இருக்கிறது, ஒன்றுமில்லாத வீட்டில் விட்ட மாதிரி.

கவிழ்ந்தான். முகத்தை அவனே ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். திருப்பி மல்லாத்தினேன். நெஞ்சு இடிக்கிற இடியில் ஸ்டூல் ஆடுகிறது.

கவிழ்ந்தான். திருப்பினேன்.

கவிழ்ந்தான். திருப்பினேன். கண் திறந்து என்னைப் பார்த்து, பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கிறான், படவா, அவனுக்கு இது விளையாட்டு. இதை எழுதுவதற்குள் இதோ மறுபடி